கணக்கில் ஆறு இல்லை

எக்செலில் சிறந்த விடையைத் தேடித் தரும் சால்வர் என்ற கருவி 200 மாறிகளுக்கு மேல் ஏற்காது. இது எனக்குத் தெரிய வந்தது கடலூரில் ஓர் அரசு அலுவலகத்தில், ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு மாலை, ஏழு மணி வாக்கில். 23 குப்பங்கள், 9 பாதுகாப்பு மையங்கள். புயல் வந்தால் எந்தக் குப்பத்து மக்களை எந்த மையத்துக்கு அனுப்புவது, மொத்தத்தில் நடை குறைய வேண்டும், எந்த மையமும் நிரம்பி வழியக் கூடாது. 23-ஐ 9-ஆல் பெருக்கினால் 207. ஏழு மாறி அதிகம்.

பக்கத்து மேசை உதவியாளர் எட்டிப் பார்த்தார். "ஒரு குப்பத்தை விட்டுடும்மா. அதைக் கையால எழுதிக்கலாம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. இத்தனை வருடம் கழித்து யோசித்தால், அவர் சொன்னது சரியான யோசனை. அந்த 23 குப்பங்களில் நாலைந்து எந்த மையத்துக்குப் போகும் என்று ஊருக்கே தெரியும். அதைக் கணினியிடம் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் அன்றைக்கு நான் புதிது. ராத்திரியோடு ராத்திரியாக என் சொந்த மடிக்கணினியில் பைத்தான் ஏற்றி, இந்த மாதிரிக் கணக்குக்கென்றே இருக்கும் 'பல்ப்' என்ற தொகுப்பை இறக்கிப் போட்டு விடை எடுத்தேன். பெயர் பொருத்தம்தான். அடுத்த வாரமே பல்ப் வாங்கினேன்.

அதற்கு முன் என் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை. படிப்பில் இதற்குப் பெயர் ஆபரேஷன்ஸ் ரிசர்ச், பாடப்புத்தகத் தமிழில் செயல்முறைகள் ஆராய்ச்சி. ப்ளஸ் டூவில் வணிகக் கணிதம் எடுத்தவர்களுக்கு வடமேற்கு மூலை விதி, வோகல் முறை எல்லாம் மங்கலாக நினைவிருக்கும். மூன்று கிடங்கு, நான்கு கடை, லாரி வாடகை இவ்வளவு, எப்படி அனுப்பினால் செலவு குறையும் என்கிற அதே கணக்குதான். நான் பார்த்த மாவட்ட அலுவலகம் எதிலும் இந்தப் பெயரில் ஒரு நாற்காலி கிடையாது. 2019-இல் ஒப்பந்தத்தில் சேர்ந்தேன். ஆணையில் முதல் வருடம் தரவு ஆய்வாளர், அடுத்த வருடம் திட்ட உதவியாளர், அதற்கடுத்த வருடம் வேறு ஏதோ. வேலை மட்டும் ஒன்றே. யாராவது ஒரு கூட்டத்தில் "இதை வேற மாதிரி செய்ய முடியாதா?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி தாளாக மாறி என் மேசைக்கு வரும்.

சேரும்போது இதெல்லாம் உயர்ந்த கணிதம் என்று நினைத்துக்கொண்டு வந்தேன். கணிதம் இருக்கிறது, இல்லாமல் இல்லை. ஆனால் ஒரு மாத வேலையில் கணிதத்துக்கு இரண்டு நாள் ஆகும். மீதி நாள் எல்லாம், நான் எதை விட்டுவிட்டேன் என்று யாருக்குத் தெரியும், அந்த ஆள் எங்கே இருக்கிறார் என்று தேடுவதிலேயே போகும்.

சரி, பல்ப் கதைக்கு வருகிறேன். விடையை வண்ண வரைபடமாக அச்சிட்டு எடுத்துக்கொண்டு கடலூர் முதுநகர் பக்கம் போனேன். வி.ஏ.ஓ. பார்த்துவிட்டுப் பேசாமல் தலையாரியிடம் நீட்டினார். அவருக்கு வயது ஐம்பதுக்கு மேல். வரைபடத்தை ஒரு தடவை திருப்பிப் பிடித்தார். பிறகு சொன்னார்:

"நடுவுல உப்பனாறு ஓடுதேம்மா. நீ சொல்ற பள்ளிக்கூடம் கண்ணுக்குத் தெரியும். கால் போவாது."

நான் தூரத்தை நேர்க்கோட்டில் எடுத்திருந்தேன். அட்சரேகை, தீர்க்கரேகை இரண்டையும் வைத்து எக்செலில் ஒரே சூத்திரம், 207 தூரமும் ஒரு நொடியில் வந்துவிட்டது. கூப்பிடு தூரத்தில் இருக்கிற பள்ளிக்கூடம் ஆற்றுக்கு எதிர்க்கரையில். மற்ற நாளில் படகில் தாண்டிவிடுவார்கள். புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறிய பிறகு எந்தப் படகு? பாலம் சுற்றிக்கொண்டு போனால் அரை நாள் நடை இல்லை என்றாலும், கைக்குழந்தையோடு மழையில் போகிற தூரமும் இல்லை. கடலூர்க்காரியான நான், கெடிலமும் உப்பனாறும் தென்பெண்ணையும் பார்த்து வளர்ந்தவள், ஆறே இல்லாத ஓர் ஊருக்குக் கணக்குப் போட்டிருக்கிறேன்.

திரும்பி வந்து ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச இணைய வரைபடத்திலிருந்து சாலைகளை இறக்கி, சாலை வழித் தூரம் கணக்கிட்டேன். அதையும் அச்சிட்டு அதே தலையாரியிடம் கொண்டுபோனேன். இரண்டாவது தடவை அவர் உட்காரச் சொல்லி டீ வாங்கிக் கொடுத்தார். அன்று அவரிடமும் அங்கே கூடிய பெண்களிடமும் கேட்டு எழுதிய பட்டியல் இன்னும் என்னிடம் இருக்கிறது. ஆட்டை விட்டுவிட்டு வர மாட்டார்கள், ஆட்டுக்கு இடம் உண்டா. படகைக் கட்டி வலையைப் பத்திரப்படுத்தும் வரை ஆண்கள் கிளம்ப மாட்டார்கள், ஆக ஒரு குடும்பம் இரண்டு தவணையாக வரும். கழிப்பறைக்குத் தண்ணீர் வருமா, வராவிட்டால் பெண்கள் வந்த வேகத்தில் திரும்பிவிடுவார்கள். அப்புறம் ஒரு அம்மா கேட்டதுதான் எல்லாவற்றிலும் பெரியது: "சாவி யார்கிட்ட இருக்கு?" விசாரித்தால், ஒரு மையத்தின் சாவி இருக்கிறவர் வீடு முப்பது கிலோமீட்டர் தள்ளி. என் அட்டவணையில் அந்த மையத்தின் கொள்ளளவு 200. ராத்திரி பத்து மணிக்கு அதன் கொள்ளளவு பூஜ்யம்.

200 என்பதும் ஒரு கதை. அந்தக் கூடத்தை டேப் பிடித்து அளந்தேன். 24 மீட்டருக்கு 10 மீட்டர். பேரிடர் நிவாரணப் பணிகளில் உலக அளவில் பின்பற்றப்படும் ஸ்பியர் நெறிமுறை, தங்குமிடத்தில் ஆளுக்கு 3.5 சதுர மீட்டராவது வேண்டும் என்கிறது. அதன்படி 68 பேருக்குத்தான் அந்த இடம். பதிவேட்டில் 200. எது சரி? ஒரே ஒரு ராத்திரி, உட்கார்ந்து விடிய வைப்பதென்றால் 200 பேர் இருக்கலாம். நான்கு நாள் படுத்து, சமைத்து, குழந்தையைத் தூங்க வைப்பதென்றால் 68 கூட நெருக்கடிதான். இதில் எதை எடுப்பது என்பது கணக்குப் போடுகிறவள் தீர்மானிக்கிற விஷயம் இல்லை. இரண்டு நெடுவரிசையும் போட்டு மேலே அனுப்பினேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்கிற முதல் விஷயம் இது: நீங்களாக ஓர் எண்ணைத் தேர்ந்து உள்ளே புதைக்காதீர்கள். புதைத்தது பின்னால் வேறு யாரோ ஒருவர் மேல் வெடிக்கும்.

இரண்டாம் உலகப் போர் காலத்து ஒரு சம்பவத்தை நான் அடிக்கடி சொல்வதுண்டு. இந்தத் துறையே அங்கிருந்து வந்ததுதான். பிரிட்டனில் பேட்ரிக் பிளாக்கெட் என்ற இயற்பியலாளரின் குழு, நீர்மூழ்கிக் கப்பல்களை விமானத்திலிருந்து தாக்குவதில் ஏன் பலன் இல்லை என்று பார்த்தது. குண்டு 100 அடி ஆழத்தில் வெடிக்கும்படி வைத்திருந்தார்கள். விமானத்தைக் கண்டு முங்கத் தொடங்கிய கப்பல் அதற்குள் அவ்வளவு ஆழம் போயிருக்காது. ஆழமாகப் போய்விட்டதோ, எங்கே என்றே தெரியாது. வெடிக்கும் ஆழத்தை 25 அடிக்குக் கொண்டுவரச் சொன்னார்கள். புதுக் குண்டு இல்லை, புது விமானம் இல்லை. மூழ்கடிப்பு பல மடங்கு கூடியது. ஜெர்மானியர்கள் ஏதோ புது வெடிமருந்து வந்துவிட்டது என்று நினைத்தார்களாம். கூட்டத்தில் "இதுக்கு எவ்வளவு நிதி வேணும்?" என்று முதலில் கேட்பவர்களிடம் இந்தக் கதையைச் சொன்னால் கொஞ்சம் காது கொடுப்பார்கள்.

நான் சொந்தமாகப் பார்த்த 25 அடி ஒன்று உண்டு. ஓர் அரசு மருத்துவமனை, பெயர் வேண்டாம். மருந்து வாங்கும் இடத்தில் கூட்டம் தாங்கவில்லை, இன்னொரு கவுன்டர் போடலாமா என்று அறிக்கை கேட்டார்கள். நோட்டும் கைப்பேசிக் கடிகாரமுமாக நாலு நாள் தூணோரம் நின்றேன். காத்திருக்கும் நேரத்தை அளக்க ஒவ்வொருவர் பின்னாலும் போக வேண்டியதில்லை. வரிசையில் 60 பேர், நிமிடத்துக்கு 2 பேர் மருந்தோடு வெளியே வருகிறார்கள் என்றால், கடைசியில் நிற்பவருக்கு அரை மணி. லிட்டில் விதி என்று 1961-இல் நிரூபித்தார்கள்; நம் ரேஷன் கடை வரிசையில் நிற்கும் எந்தப் பாட்டியும் இதை மனக்கணக்காகப் போடுவார்.

பாட்டிக்கும் புலப்படாத விஷயம் ஒன்று உண்டு. கவுன்டரில் இருப்பவருக்கு அவரால் முடிந்த வேலையில் நூற்றுக்கு 80 பங்கு வந்தால், வரிசை சராசரியாக 4 பேர் அளவில் நிற்கும். 90 பங்கு வந்தால் 9 பேர். 95 என்றால் 19. வேலை கொஞ்சம்தான் கூடியது, கூட்டம் மட்டும் இரட்டிப்பாகிறது. "போன மாசம் இந்தக் கூட்டம் இல்லையே, இந்த அம்மா மெத்தனமாயிட்டாங்க" என்று மருந்தாளுநர் மேல் பழி விழுவது பெரும்பாலும் இந்த 90-க்கும் 95-க்கும் இடையில்தான்.

மூன்றாம் நாள் மருந்தாளுநர் அக்காவே சொன்னார். "எனக்கு நேரம் போறது கொடுக்கிறதுல இல்லம்மா. கத்திரிக்கோல்ல." சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைக்காரர்கள் செவ்வாய்க்கிழமை தோறும் வருவார்கள். அடுத்த முறையும் செவ்வாயாகவே இருக்க வேண்டும் என்பதால் சீட்டில் 28 நாளுக்கு எழுதுவார்கள். காலை ஒன்று, ராத்திரி ஒன்று, 56 மாத்திரை. பத்து மாத்திரை அட்டை ஐந்து, ஆறாவது அட்டையில் ஆறை வெட்டி எடுக்க வேண்டும். மிச்ச நாலை எங்கேயோ பத்திரப்படுத்த வேண்டும், அடுத்தவருக்கு அந்த நாலோடு இரண்டு சேர்க்க வேண்டும். ஒரு நோயாளிக்கு இரண்டு, மூன்று வகை மாத்திரை.

30 நாளுக்கு எழுதினால் 60. ஆறு அட்டை, வெட்டு கிடையாது. ஆனால் 30 நாள் கழித்து வந்தால் அது வியாழக்கிழமை, சர்க்கரை நாள் இல்லை. ஆகவே மாத்திரையை 30 நாளுக்கு எழுதுங்கள், வரச் சொல்வது 28-ஆம் நாள் என்று பரிந்துரைத்தேன். இரண்டு நாள் மாத்திரை நோயாளி கையில் மிச்சம் இருக்கும், பேருந்து ஓடாத நாளுக்கு உதவும். சேர்ந்துபோனால் மருத்துவர் பார்த்து ஒரு தடவை குறைத்துக்கொள்ளலாம். கையிருப்பில் கொஞ்சம் கூடுதல் வேண்டும், நூற்றுக்கு ஏழு பங்கு. அந்த அக்கா ஒரே ஒரு திருத்தம் சொன்னார்: மருத்துவர் சீட்டிலேயே 30 என்று எழுத வேண்டும். சீட்டில் 28, கொடுத்தது 30 என்றிருந்தால் தணிக்கையில் அவர் கையிலிருந்து போகும். நான் மறுபடி போய் நின்ற செவ்வாய்க்கிழமை, பதினொன்றரை வரை நீண்ட வரிசை பதினொன்றுக்கு முன்பே கலைந்திருந்தது. இன்னொரு கவுன்டர் தேவைப்படவில்லை. அறிக்கையில் அந்த அக்காவின் யோசனை என்று எழுதினேன். சுற்றி வந்த இறுதிப் பிரதியில் அந்த வரி இல்லை. யார் எடுத்தார்கள் என்று தெரியாது.

தணிக்கை என்றதும் எங்கள் கண்காணிப்பாளர் ஐயா நினைவுக்கு வருகிறார். ஓய்வுபெற்று இப்போது பண்ருட்டியில் பலாத்தோப்போடு இருக்கிறார். நிவாரணப் பொருள் லாரிகளுக்கு வழி போட்டுக் கொடுத்தபோது என் தாளைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, எங்களை உள்ளே தள்ளத் திட்டமா?" என்றார். கடலூருக்கு வடக்கே ரெட்டிச்சாவடியைத் தாண்டினால் புதுச்சேரி. பாகூர் பக்கம் வயல் ஒரு மாநிலம், வரப்பு இன்னொரு மாநிலம் என்கிற அளவுக்குப் பின்னிக்கிடக்கும். கணினிக்கு அதெல்லாம் ஒரே தார்ச்சாலை. குறுக்கே போனால் சில கிலோமீட்டர் மிச்சம் என்று அது ரேஷன் அரிசி லாரியைப் புதுச்சேரிக்குள் அனுப்பியிருந்தது. எல்லையில் பிடித்தால் அரிசிக் கடத்தல். (ஓட்டுநர்கள் அந்த வழியை ஆவலோடு வரவேற்றார்கள். அங்கே டீசல் விலை குறைவு என்பதுதான் காரணம் என்று சொன்னார்கள். நம்பினேன்.)

அந்த ஐயா கற்றுக்கொடுத்த பாடம் ஒன்றுதான், ஆனால் என் வேலையின் முறையையே மாற்றியது. "நீ சொல்றது சரியா தப்பான்னு எனக்குத் தெரியாது. நாளைக்கு யாராவது கேட்டா நான் என்ன சொல்லணும், அதை எழுதிக் கொடு." கையெழுத்துப் போடுகிறவருக்கு வாயில் வராத விடை, விடையே இல்லை. முன்பு ஒரு தடவை கணினி கொடுத்த மிகச் சிறந்த விடையில் ஒரே ஊரை மூன்றாகப் பிரித்து மூன்று மையத்துக்கு அனுப்பியிருந்தது. கணக்குக்கு நல்லது. அண்ணன் ஒரு பள்ளியில், தம்பி ஒரு பள்ளியில், அம்மா எங்கே என்று இருவரும் மழையில் தேடுவார்கள். ஓர் ஊர் முழுவதும் ஒரே மையம் என்று நிபந்தனை சேர்த்தேன். மொத்த நடை கொஞ்சம் கூடியது. ஆனால் ஒரே வரியில் சொல்லிவிடலாம், ஒலிபெருக்கியில் கூட.

அலுவலகத்தில் ஒரு விதி குறுக்கே நின்றால், விதி தவறு என்று எழுதக் கூடாது என்பதையும் அடிபட்டுத்தான் கற்றேன். அதன் விலையை எழுத வேண்டும். ஓரிடத்தில் கிடங்கிலிருந்து லாரி கிளம்பக் கையெழுத்து வேண்டும், கையெழுத்து பத்து மணிக்கு மேல்தான். "இந்த நடைமுறை காலதாமதத்துக்குக் காரணம்" என்று முதல் வருடம் எழுதினேன். கோப்பு திரும்பவே இல்லை. அடுத்த வருடம், "கையெழுத்து முந்தின நாள் மாலையே கிடைத்தால் நான்கு லாரிக்குப் பதில் மூன்று போதும்" என்று எழுதினேன். அதே விஷயம்தான். ஒரு வாரத்தில் நடந்தது.

தரவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம் என்று நினைக்கிறேன், எல்லோரும் புலம்பியதுதான். கடைசி மக்கள்தொகைக் கணக்கு 2011-இல். பழைய பட்டியல்கள் வானவில் எழுத்துருவில் இருக்கும், யூனிகோடில் திறந்தால் கொசகொசவென்று வரும். ஒரே ஊர்ப்பெயருக்கு ஆங்கிலத்தில் நாலு எழுத்துக்கூட்டல். வருவாய்க் கிராமம் வேறு, ஊராட்சி வேறு, குக்கிராமம் வேறு. பெயரை வைத்துப் பொருத்தாதீர்கள், அரசின் ஊர்க் குறியீட்டு எண் இருக்கிறது, அதை முதல் நாளே சேர்த்துவிடுங்கள். நேரம் எழுதியிருக்கும் பதிவேட்டில் எல்லாம் 10.00, 10.30, 11.00 என்றே இருந்தால், சாயங்காலம் உட்கார்ந்து எழுதியது என்று அர்த்தம். அதை வைத்து வரிசைக் கணக்குப் போட வேண்டாம்.

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல். என் திட்டத் தாள் கட்டுப்பாட்டு அறைச் சுவரில் ஒட்டியிருந்தது. சாலைத் தூரம், இரட்டைக் கொள்ளளவு, சாவி வைத்திருப்பவர் கைப்பேசி எண் எல்லாம் அதில் உண்டு. நவம்பர் 30 ராத்திரி புயல் புதுச்சேரி அருகே கரையேறி, நகராமல் அங்கேயே நின்றது. புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. கடலோரக் குப்பங்களைப் பொறுத்தவரை தாள் வேலை செய்தது. எனக்கு உள்ளூரப் பெருமை.

டிசம்பர் 2 விடியற்காலையில் திருவண்ணாமலை மாவட்டத்து சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் வெளியேறியது. அது தென்பெண்ணை வழியாக நேரே எங்களிடம்தான் வந்தாக வேண்டும். தாழங்குடா, நாணமேடு பக்கமெல்லாம் ஆறு ஊருக்குள் ஏறியது. என் ஒன்பது மையங்களில் இரண்டுக்குப் போகிற சாலை தண்ணீருக்குள். நான் அந்த மையங்களுக்கு ஆளை அனுப்பச் சொல்லியிருந்தது, தண்ணீர் வந்துகொண்டிருந்த திசையில்.

கடலூர்க்காரி மனதில் ஆபத்து என்றால் கிழக்கு. 2004 சுனாமி கடலிலிருந்து வந்தது. 2011 டிசம்பர் 30 தானே புயலும் அப்படித்தான், எங்கள் வீட்டு ஓடு பறந்ததும் பலா, முந்திரி எல்லாம் சாய்ந்து கிடந்ததும் கண்ணில் நிற்கிறது. 2015 வெள்ளம் கடலூரை உள்பக்கமிருந்து அடித்தபோது நான் சென்னை விடுதியில் மாட்டிக்கொண்டிருந்தேன். ஊர் வெள்ளம் எனக்குச் செவிவழிச் செய்திதான். மேற்கிலிருந்து தண்ணீர் வரும் என்பது தெரியாமல் இல்லை. கணக்கில் எழுதத் தோன்றவில்லை. முதல் தடவை ஆற்றைத் தாண்ட முடியாத கோடாகக் கூட வரையவில்லை; இரண்டாம் தடவை கோடாக வரைந்தேன், அது எழும்பும் என்று வரையவில்லை.

அன்று காப்பாற்றியது பக்கத்து மேசை உதவியாளரின் நோட்டு. ஆம், ஒரு குப்பத்தை விட்டுவிடச் சொன்னவரேதான். 2015-இல் இருந்து ஒவ்வொரு மழைக்கும் எந்தத் தெருவில் எப்போது தண்ணீர் ஏறியது, எந்தப் பாலத்தடி முதலில் முழுகியது, எது கடைசி வரை போக்குவரத்துக்கு இருந்தது என்று பச்சை மையில் எழுதி வைத்திருக்கிறார். யாரும் கேட்டதில்லை, அவரும் காட்டியதில்லை. "உங்க கம்ப்யூட்டர்ல இதெல்லாம் இருக்கும்னு நெனச்சேன்ம்மா" என்றார். அவர் வாசிக்க வாசிக்க, நான் சுவரில் இருந்த தாளில் பேனாவால் அடித்து எழுதி, 1077-க்கு அழைத்தவர்களுக்கும் தலையாரிகளுக்கும் மாற்று மையத்தைச் சொல்லிக்கொண்டிருந்தோம். தலையாரிகளில் பாதிப் பேர் ஏற்கெனவே அந்த மாற்றத்தைச் செய்து முடித்திருந்தார்கள்.

இப்போது இரண்டு தாள். ஒன்று காற்றுக்கு, ஒன்று ஆற்றுக்கு. ஒவ்வொரு மையத்துக்கும் எந்தச் சாலை முதலில் முழுகும் என்று ஒரு கட்டம் உண்டு. கடைசியில் ஒரு கட்டத்தைக் காலியாக விட்டு, கிராமத்துக்கு ஒரு பிரதி அனுப்பி, தோன்றியதை எழுதித் தரச் சொன்னேன். பெரும்பாலும் பென்சிலில் எழுதி வந்திருக்கிறது. ஒருவர் சின்னதாகப் படம் போட்டிருக்கிறார். நாலு தாளில் கையெழுத்து புரியவில்லை. ஒன்றில் மட்டும் "இந்தப் பள்ளி வேண்டாம்" என்று தெளிவாக எழுதி இரண்டு கோடு அடித்திருக்கிறது, காரணம் எழுதவில்லை. திங்கட்கிழமை முதல் பேருந்துக்குப் போய்க் கேட்க வேண்டும்.